முன்வரிசை

அண்ணனை வெட்டிவிட்டுச் சிறைக்குப் போன இருளப்பன் விடுதலையாகி வந்தபோது, ஊரில் அவனுக்குப் படுக்க இடமில்லை. சிறையில் தியான வகுப்பு நடத்திய கமலவேணி டீச்சர்தான் தம்முடைய சிறிய ஆசிரமத்தில் தங்கச் சொன்னார். தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கையில் அரிவாளையும் கொடுத்தார்.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இருளப்பன் வாலையும் தூக்கிப் பார்க்கிறவன். என்னிடம் போய் அரிவாளை எதற்குக் கொடுக்க வேண்டும்? சோதனையா? திருந்திய கைதி என்று யாருக்காவது காட்டவா? சிறைக்குப் பெரிய மனிதர்கள் வந்தபோதெல்லாம் அவனைத்தான் தியான வகுப்பின் முன்வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு, அரிவாளைத் திருப்பிக் கொடுக்க வந்தான்.

"கிளம்பிட்டீங்களா?"

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். உண்மையைச் சொன்னா இருக்கேன். இல்லேன்னா இப்பவே பஸ் ஏறிடுவேன்."

"கேளுங்க."

"நான் திருந்திட்டேன்னு நம்புறீங்களா?"

"வகுப்பிலே ஒழுங்காத்தானே உட்கார்ந்தீங்க?"

"அதை விடுங்க. கண்ணை மூடுங்க, பயத்தை விடுங்கன்னு எங்களுக்குச் சொன்னீங்க. நீங்க ஒரு நாளாவது மூடினீங்களா? வாசல்லே பாரா நின்ன காவலரே கண் அசந்தாரு. நீங்க அசரலே. எங்க கையையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. நல்ல டீச்சர்!"

கமலவேணி சிரித்துவிட்டார்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இருளப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லுங்க, நீங்க ஏன் மூடலே?" என்றார் டீச்சர்.

"பின்னாலே இருந்தவனுங்களை நம்ப முடியுமா? நீங்க?"

"எனக்கு முன்வரிசை மேலே பயம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

டீச்சர் அரிவாளை வாங்கவில்லை. வேப்பமரத்தடியில் பாயை விரித்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

இருளப்பன் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, குனிந்து, முகத்தை உற்றுப் பார்த்தான். இமைகளில் கீற்றளவும் இடைவெளியில்லை. மடியில் கிடந்த விரல்கள் மட்டும் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"பயமா இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

"அப்புறம் எதுக்கு மூடினீங்க?"

"இன்னிக்குப் பாரா உங்களோடது. நாளைக்கு நீங்க மூடுங்க, நான் பார்த்துக்கிறேன்."