எடை மேடையில யாரு பொய்யி?

இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா என் லாரியில நாலு டயரும் இப்பவே பஞ்சராகட்டும். லாரிக்கு ஆறு டயருல்லான்னு அங்க ஒருத்தரு சிரிக்கீரு. மிச்சம் ரெண்டும் ஏற்கெனவே பஞ்சருவே. கேளும்.

தூத்துக்குடி தாண்டி உப்பளத்துக்கு நடுவுல ஒரு ரோடு போகுது. ரெண்டு பக்கமும் உப்புக் குமி, தலைக்கு மேல வெயிலு, நடுவுல ஒத்தையா ஒரு எடை மேடை. லாரி ஏறி நின்னா எத்தனை டன்னுன்னு கம்ப்யூட்டர்ல பாத்து சீட்டு அடிச்சுக் குடுக்கணும். அந்த வேலைக்கு இருக்கவரு பால்வண்ணம். பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, மவ கல்யாணமாகி சூரத்துக்குப் போயிட்டா. டிரைவர்மாரு நாங்க சீட்ட வாங்குனதும் கெளம்பிருவோம். "சாப்பிட்டாச்சா அண்ணாச்சி"ன்னு கேப்போம், அவரு வாயத் தொறக்கதுக்குள்ள ரெண்டாவது கியரு போட்டிருப்போம்.

அவருக்குன்னு இருந்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, அந்தப் பழைய கம்ப்யூட்டரு. எடையும் பாக்கும், பாட்டும் பாடும். இன்னொண்ணு அருளப்பன். டவுன்ல பழைய கம்ப்யூட்டர் சாமான் விக்கிறவரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மீன் கொழம்போட வந்திருவாரு. வந்து என்ன பேசுவாங்கன்னு நினைக்கீரு? ஒண்ணும் பேச மாட்டாங்க. ஒருத்தரு சாப்பிடுவாரு, ஒருத்தரு முள்ளு எடுப்பாரு. அது ஒரு சொகம்வே. உமக்குப் புரியாது, உமக்கு வீட்ல திட்டுறதுக்கு ஆளு இருக்கு.

ஒரு நாளு கம்ப்யூட்டரு எந்திரிக்கவே இல்ல. பீப் பீப்னு கத்துது, ஸ்கிரீன் கருப்பு. அருளப்பன் தொறந்து பாத்துட்டு, மெமரி போயிட்டுன்னாரு. மெமரின்னா பயந்துராதீரும். தலை சீவுற சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை, மேல கறுப்புச் சில்லு. அதச் சொருகுற பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். பழசக் கழட்டும்போது ஒரு பக்கத்துக் கொக்கி அப்பளமா ஒடிஞ்சிட்டு. ஒண்ணு புடிச்சாப் போதும்னு சொல்லி, அருளப்பன் தன் கடையில கெடந்த பழைய மெமரி ஒண்ண மாட்டி விட்டாரு. அவ்வளவு பழைய மிசினுக்குப் புதுசு எங்க கிடைக்கும்?

அதுக்கப்புறம்தான் ஏழரை. லாரி இல்லாத நேரம் மணிக்கணக்கா பாட்டு ஓடும். லாரி வந்து எடை பாக்கப் போனா ஸ்கிரீன் ஒறஞ்சு நிக்கும். எல்லா லாரிக்கும் இல்ல, பாதி லாரிக்கு. உப்பு ஏத்துன லாரி மேடையில ஏறி பிரேக் போட்டா ரூமுல காலண்டரு ஆடும். நாங்க அடிக்கிற ஆரன்ல பால்வண்ணத்துக்கு நெஞ்சும் ஆடும்.

சேதி முதலாளி ஆதிமூலத்துக்குப் போச்சு. நீரு தூங்கிட்டு மிசின் மேல பழியப் போடுதீருன்னு அவரு வந்து குதிச்சாரு. இனியும் மிசின் நின்னா மேடையப் பூட்டிருவேன்னாரு.

சரி, மெமரியச் சோதிச்சே பாத்துருவோம்னு அருளப்பன் ஒரு சீடி கொண்டாந்தாரு. அந்த புரோகிராமு மெமரிக்குள்ள அறை அறையாப் போயி நம்பர எழுதி வைக்கும். திரும்ப வந்து, எழுதுனது அப்படியே இருக்கான்னு பாக்கும். மாறியிருந்தா செவப்புல காட்டிக் குடுத்துரும். முடிக்கவே மணிக்கணக்காகும், நடுவுல தொந்தரவு இருக்கக் கூடாது. அதனால மேடைக்குக் குறுக்க சங்கிலியப் போட்டு, லாரியெல்லாம் வேற மேடைக்குப் போங்கன்னு வெரட்டிட்டாங்க. காலையில இருந்து சாயங்காலம் வர முதலாளியும் சேத்து மூணு பேரும் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தாங்க. ஒத்தச் செவப்பு வரல.

மெமரி சுத்தம்னாரு அருளப்பன். அப்ப இந்த ஆளுதான் பொய்யின்னாரு முதலாளி. மிசின் நின்னத நான் கண்ணால பாத்தேன்னாரு பால்வண்ணம். முதலாளி மேல கோவப்பட முடியாது, மிசின் மேல கோவப்பட்டா அதுக்குக் காது கேக்காது. பக்கத்துல இருந்த அருளப்பன் மேல திருப்பிட்டாரு.

"குப்பைய என் தலையில கட்டிட்டு சுத்தம்னு சாதிக்கீரு. நீரும் ஒரு சிநேகிதனாவே?"

அருளப்பன் சீடிய எடுத்துப் பையில போட்டுட்டுப் போயிட்டாரு. அடுத்த ஞாயிறு வரல. அதுக்கடுத்த ஞாயிறும் வரல. ரெண்டு பேருக்குச் சோத்த வடிச்சு வச்சுட்டு பால்வண்ணம் ரோட்டையே பாத்துட்டு இருந்தாரு. நான் போனேன், எனக்குப் போட்டாரு. நானும் தின்னேன். முள்ளு எடுக்கத்தான் எனக்கு வரல.

இப்பச் சொல்லும் பாப்போம். மெமரி நல்லதுன்னவரு ஒருத்தரு, மிசின் நிக்குதுன்னவரு ஒருத்தரு, ஆளு பொய்யின்னவரு ஒருத்தரு. சோதனையும் ஒழுங்காத்தான் ஓடிச்சு. இதுல யாரு பொய்யி?

முழிக்காதீரும். ஒருத்தரும் பொய்யில்ல. மெமரி நல்ல மெமரி. ஆனா ஒத்தக் கொக்கியில நிக்கிறதுல்லா, லாரி ஏறிக் குலுக்குனா மயிரிழை எந்திரிக்கும், மிசின் செத்துரும். இவங்க சங்கிலியப் போட்டு, குலுக்குறவன வெரட்டிட்டு, ஆடாத மேடையில சோதிச்சாங்க. எப்படிச் செவப்பு வரும்? முதலாளி சொன்னது பொய்யில்ல, அவசரம். நான் சோறு தின்ன அன்னைக்கு, என் லாரி ஏறும்போது காலண்டரு ஆடுனதப் பாத்துட்டு பால்வண்ணம் மெமரிய வெரலால அமுக்கிப் புடிச்சாரு, ஒறையல. பக்கத்துப் பள்ளத்துல மாத்திச் சொருகுனாரு, தீந்துது. ஒடனே அருளப்பனுக்குப் போன் போட்டாரு. மன்னிச்சிருங்கிற வார்த்தை வாயில வரல. "வே, மேடையில நான் ஏறி நிக்கேன். எளச்சிட்டனான்னு தெரியணும். உள்ள நின்னு நம்பரு பாக்க ஆளில்ல"ன்னாரு. அங்கிட்டு கடை ஷட்டர இறக்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "எறங்கிராதீரும், வாரேன்"னு கேட்டுச்சு.

கோளாறச் சரியாச் சொன்னவரு எனக்கு ஒரு டீ சொல்லும். சொல்லாதவரு டீயும் வடையும். கதையக் கேட்டுட்டுச் சும்மா நழுவுறவரு நாளைக்கு என் லாரியில ஏறும், உப்போட சேத்து எடை போட்டு வித்துருதேன்.