தப்பே காட்டாத எடிட்டர்

ஈரோட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார்கள். மூவரின் மூளையையும் கூட்டினாலும் ஒன்று தேறாது. உழைப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. மூத்தவன் சென்னியப்பன். மற்றவர்கள் பொங்கியண்ணனும் யாழினியும்.

விசைத்தறி முதலாளி நாச்சிமுத்து, தறிகளுக்குக் கட்டளை எழுத ஒரு சின்ன மொழி வைத்திருந்தார். அதை பிரவுசரிலேயே எழுத ஓர் எடிட்டர் வேண்டும், தப்பாக எழுதினால் சிவப்புக் கோடு விழ வேண்டும் என்றார். மொழியின் விதிகளை எழுதிக் கொடுத்தால், எழுதியதைப் பிரித்துச் சரியா தப்பா என்று பார்க்கும் பார்சரை ஒரு மென்பொருள் கருவியே செய்து தந்துவிடும். இதுவும் சொதப்பினால் சென்னியப்பன் மாமனாரின் மாவு மில்லில் மூட்டை தூக்கப் போகவேண்டும்.

"எதெல்லாம் சரின்னு எழுதித் தரணுமாம்," என்றான் சென்னியப்பன்.

"அப்ப சரியானதை ஒவ்வொண்ணா எழுதீரலாமுங்க," என்றாள் யாழினி.

'சிவப்பு நூல் ஒன்று', 'சிவப்பு நூல் இரண்டு' என்று தொடங்கி, பதினோரு நாளில் நாலாயிரத்தைத் தொட்டார்கள். பச்சை நூலுக்கு இன்னும் வரவே இல்லை.

அதுவரை எழுதியதைக் கொடுத்ததும் கருவி பார்சரைச் செய்து தந்தது. அதன் உச்சியில் 'கையால் திருத்தக் கூடாது' என்றிருந்தது. திருத்தவோ ஓர் எழுத்து இருந்தது.

"முழங்கை ஆகுமா?" என்றான் பொங்கியண்ணன்.

"தோள்பட்டை வரைக்கும் கைதானப்பா," என்றான் சென்னியப்பன் கவலையோடு.

பொங்கியண்ணன் காலைக் கழுவிவிட்டு வந்து, மேசைமேல் ஏறி உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் பயபக்தியோடு கீபோர்டைத் தட்டினான். ஓர் எழுத்துக்கு நாலு எழுத்து விழுந்தது.

முதலாளி வந்து 'பச்சை நூல் பத்து' என்று அடித்தார். அடியில் சிவப்புக் கோடு. வேறு என்னென்னவோ அடித்தார். பக்கமே சிவந்துவிட்டது.

"நான் உண்டாக்குன மொழி, எனக்கே தப்புங்குதே!"

சென்னியப்பனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. யாழினி சட்டென்று எல்லாவற்றையும் அழித்தாள். வெள்ளைப் பக்கம், ஒரு கோடு இல்லை.

"இப்பப் பாருங்க," என்றான் சென்னியப்பன், உயிர் திரும்பியவனாக. "ஒரு தப்புக்கூட இல்லீங்க!"

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அட, ஆமா. இதையே எல்லாத் தறிக்கும் அனுப்பீருங்க," என்றார்.

அனுப்பினார்கள். நாற்பது தறிகளும் அசையாமல் நின்றன. மறுநாள் முதலாளி ஒரு கிலோ ஜிலேபியோடு ஓடிவந்து சென்னியப்பனைக் கட்டிக்கொண்டார்.

"இருபது வருசமாத் தறி ஓட்டறனுங்க தம்பி. ஒரு சேலைகூடப் பழுதாகாத நாள் நேத்துத்தான்!"