மூடியில் ஒரு துளை

தவசிமுத்து ஐந்து மாதமாகப் படம் எடுக்கவில்லை. லென்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரிகளை எடை போடும் வேலை அவருக்கு. வயது ஐம்பத்தைந்து. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு ஒரு கேமரா வாங்கினார். அதோடு கூடவே வந்த சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு உப்பளத்துப் பறவைகளையும் கரையில் ஏற்றி வைத்த படகுகளையும் எடுத்துப் பழகினார். இப்போது அடுத்த லென்ஸ் வாங்க வேண்டும். ஒன்றுக்குத்தான் வழி இருந்தது. தப்பாகப் போய்விட்டால் இன்னொன்று எப்போது என்று சொல்ல முடியாது.

அவருக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். கடற்கரைச் சாலையில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்துப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போவாள். முதல் நாள் வேடிக்கையாகத்தான் அவளை “மாஸ்டர்” என்று கூப்பிட்டார் தவசிமுத்து. அதற்கப்புறம் வேறு மாதிரிக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தார்.

“மாஸ்டர், நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

நோட்டை விரித்து வைத்தார். மூன்று லென்ஸ்கள். தூரத்து நாரையைக் கைக்கெட்டும் இடத்துக்கு இழுத்துவரும் நீள லென்ஸ் ஒன்று. கிட்டக் கொண்டுபோனால் எறும்பின் மீசையைக்கூடக் காட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று. ஒரு தெரு முழுவதையும் வாரிப் போட்டுக்கொள்ளும் வைடு லென்ஸ் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று எழுதியிருந்தார். சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். சில கோடுகளைப் பிறகு அடித்திருந்தார்.

ஜெசிந்தா அவசரப்படாமல் கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

“இதுல எது உங்க ஆசை?”

“அது தெரிஞ்சா உங்ககிட்ட வருவேனா?”

“கடைசியா எப்பப் படம் எடுத்தீங்க?”

தவசிமுத்து கொஞ்சம் யோசித்தார். “மாசியில.”

“அதுக்கப்புறம்?”

“லென்ஸ் வரட்டும்னு இருக்கேன், மாஸ்டர்.”

ஜெசிந்தா கையை நீட்டினாள். அவர் கேமராவைக் கொடுத்தார். அதிலிருந்த லென்ஸைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். பிறகு அலமாரியைத் துழாவி, லென்ஸ் இல்லாதபோது கேமராவின் வாயை அடைத்து வைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்தாள். அதன் நடுவில் துரப்பணத்தால் ஒரு ஓட்டை போட்டாள். காலியான குளிர்பான டின்னிலிருந்து ஒரு நகம் அகலத்துக்குத் தகடு வெட்டி, தையல் ஊசியால் ஒரே ஒரு குத்துக் குத்தினாள். உப்புத்தாளில் அதைத் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, மூடியின் ஓட்டைக்குப் பின்னால் கறுப்பு டேப்பால் ஒட்டினாள். மூடியைக் கேமராவில் திருகிப் பொருத்தினாள்.

“இந்தாங்க, உங்க அடுத்த லென்ஸ்.”

தவசிமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல கண்ணாடியே இல்லியே?”

“இல்ல.”

“படம் விழுமா?”

“விழும். ஆனா நாலஞ்சு எண்ணுற வரைக்கும் திறந்து வைக்கணும். ஸ்டாண்டு இல்லாம ஆகாது. எதிர்ல இருக்கிறவங்க ஆடவும் கூடாது.”

அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். உள்ளே ஒரே இருட்டு. “ஒண்ணும் தெரியலையே. எதைப் பார்த்து எடுக்க?”

“வெளியில பாருங்க. அது காட்டாது.”

“எத்தனை நாளைக்கு?”

“அடுத்த சனிக்கிழமை வாங்க. ஒரு படம் போதும்.”

தவசிமுத்துவுக்கு மனத்தாங்கல்தான். ஐந்து மாத நோட்டுக்குப் பதிலாக ஒரு ஓட்டை மூடி. தன்னைக் கேலி செய்கிறாளோ என்றுகூட வழியில் நினைத்தார். ஆனாலும், ஊசிக் குத்து வழியாக எப்படிப் படம் விழும் என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

மறுநாள் உப்பளத்துக்குப் போனார். ஸ்டாண்டை நட்டு, தண்ணீரில் நின்ற நாரைக் கூட்டத்துக்கு நேராகக் கேமராவை வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு எண்ணினார். படத்தில் உப்புக் குவியல்கள் இருந்தன, புகையில் வரைந்த மாதிரி. தண்ணீர் இருந்தது. நாரைகள் இல்லை. அத்தனையும் தலையைத் தாழ்த்தி நிமிர்த்தி இரை தேடிக்கொண்டிருந்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அது அவருக்கு விசித்திரமாக இருந்தது. திங்கட்கிழமை கேமராவை வேலைக்கே கொண்டுபோனார். எடை மேடையில் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கிச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பி ஏறினான். படத்தில் லாரி இருந்தது, டிரைவர் இல்லை.

“நான் எங்க சார்?” என்றான் டிரைவர், திரையில் எட்டிப் பார்த்து.

“நீ நிக்கல, வரல.”

அதற்கடுத்த நாட்களில், எது அசையாமல் இருக்கிறது என்று தேடுவதே தவசிமுத்துவின் வேலையாகிவிட்டது. நங்கூரம், மூட்டை, சுவர், அரசமரத்து அடிப்பாகம். நோட்டுப் புத்தகத்தின் ஞாபகமே வரவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, ஒரு மனுஷ முகம் இதில் விழுமா என்று தோன்றியது.

அவர் மனைவி சுயம்புகனி ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். கடந்த மூன்று வருஷமாக அவள் அவருடைய கேமரா முன்னால் வந்து நின்றதில்லை. கூப்பிட்டால், “என்னை விடுங்க, கொக்கை எடுங்க” என்பாள். ஒரே ஒரு தடவை காரணம் சொன்னாள்: “நீங்க அதைத் திருகுறதையும் இதைத் திருகுறதையும் பாத்துக்கிட்டு நிக்க எனக்கு ஏலாது.”

சனிக்கிழமை காலையில் அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தவசிமுத்து ஸ்டாண்டோடு ஏறி வந்தார்.

“கனி, ஒரு படம்.”

“போங்க, வேலை கிடக்கு.”

“இதுல திருகுறதுக்கு ஒண்ணும் இல்ல.”

கையில் பிழிந்த துண்டோடு அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் வந்து குனிந்தாள். “கண்ணாடியைக் காணோம்?”

“வெறும் ஓட்டைதான். ஊசி ஓட்டை.”

“அது வழியாவா நான் போவேன்?”

“ஆடாம இருந்தா போவே. நாலஞ்சு எண்ணுற வரைக்கும்.”

“ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளை நான் இப்படித்தான் உக்கார வைப்பேன்” என்று சொல்லிக்கொண்டே, தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பொத்தானை அழுத்திவிட்டு அவர் வழக்கம்போலக் குனியப் போனார். குனிந்து என்ன? உள்ளே இருட்டு. நிமிர்ந்து கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

“ஒண்ணு” என்றார். “ரெண்டு.”

மூன்று வரவில்லை.

“இது என்னது? புருவத்துக்குப் பக்கத்துல?”

“ஆடக் கூடாதுன்னீங்க” என்றாள் உதட்டைப் பிரிக்காமல்.

“எப்பப் பட்டுது?”

சுயம்புகனி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “நல்லாருக்கு! பள்ளிக்கூட ஜன்னல் கதவு இடிச்சுது. மூணு தையல். நீங்கதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க?”

“எப்ப?”

“அஞ்சு வருஷம் இருக்கும்.”

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றியது அவருக்கு ஞாபகம் வந்தது. மருந்துக் கடையில் நின்ற கூட்டம்கூட ஞாபகம் வந்தது. காயம் ஞாபகத்தில் இல்லை. எத்தனை முயன்றும் அது வரவில்லை.

கேமரா எப்போதோ மூடிக்கொண்டுவிட்டது. “எண்ணி முடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து துணியைக் காயப்போடப் போனாள். போகும்போதும் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

மத்தியானம் ஸ்டுடியோவில் ஜெசிந்தா அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி இருந்தது. கொடிக்கயிறு இருந்தது. வாளியும் சேலை மடிப்பும் மடியில் வைத்த கையும் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல்.

“யாரு?”

“வீட்டுல.”

“சிரிச்சாங்களா?”

“ஆமா.”

“எதுக்கு?”

தவசிமுத்து சொன்னார். ஆஸ்பத்திரியையும் ஸ்கூட்டரையும்கூட விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்குப் புரிஞ்சுபோச்சு, மாஸ்டர். லென்ஸே வேண்டாம். கண்ணு இருந்தாப் போதும்.”

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். “வேண்டாம்னு நான் சொன்னேனா?”

“சொல்லல.”

“பிறகு?”

அவள் படத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“இதுல இல்லாதது எது?”

“முகம்.”

“முகம் ஆடிப்போச்சு, சரி. ஆடாம இருந்திருந்தாலும் இந்த ஓட்டையில விழாதது எது?”

தவசிமுத்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தத் தழும்பு.”

“எவ்வளவு இருக்கும்?”

சுண்டுவிரல் நகத்தில் காட்டினார். நகத்தின் நீளம்தான் இருக்கும்.

“அது விழுற லென்ஸை வாங்குங்க.”

“அதுக்கு ரொம்பக் கிட்டப் போகணுமே, மாஸ்டர்.”

“எவ்வளவு கிட்ட?”

அவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, மேசைமேல் ஒரு சாண் வைத்துக் காட்டினார்.

“போங்க” என்றாள் ஜெசிந்தா.