ஊட்டிப் புல்லும் ஊட்டிக் கோட்டும்

முள்ளிக்குடி ஜமீன்தார் ஊட்டிக்குப் போய்ப் பச்சைப் புல்தரையைப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி வண்டியாக அந்தப் புல்லை வரவழைத்துத் தன் பங்களா முன்னால் பதித்தார். கிணற்றுத் தண்ணீர் இனி புல்லுக்குத்தான் என்று ஊர்க் கிணற்றைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பெண்கள் காலிக் குடத்தோடு வேலிக்கு வெளியே நின்றார்கள்.

சித்திரையில் புல் கருகியது.

"ஊட்டியில யாரும் தண்ணியே ஊத்தலை, பச்சையா இருந்துச்சு. இங்க கிணத்தையே ஊத்தியும் கருகுது. ஏமாத்துறது நீயா, புல்லா?" என்று ஜமீன்தார் தோட்டக்காரி இருளாயியிடம் கத்தினார். "நாளைக்குள்ள பச்சையாகலைன்னா ஊரை விட்டே ஓட்டிருவேன்!"

"எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு எசமான். புல்லுக்குப் பேசத் தெரியலையே. ஊட்டியிலேருந்து வேற ஏதாச்சும் வந்திருக்கா?"

"என் கம்பளிக் கோட்டு இருக்கு. அதுக்கென்ன?"

"அதைப் போட்டுக்கிட்டுப் புல்லோட செத்த நேரம் நில்லுங்க. அதுக்கு என்ன குறைன்னு நீங்களே சொல்லிரலாம்."

ஒன்றும் புரியாமலே வீம்புக்கு நின்றார். உச்சி வெயிலில் வியர்வை ஆறாக ஓடியது. "தண்ணி!" என்று அலறினார். இருளாயி ஒரு குடத்தைத் தலையில் கவிழ்த்தாள்.

"இன்னும் எரியுதே!"

"இன்னும் எத்தனை குடம் ஊத்தட்டும் எசமான்?"

"ஊத்தி என்ன ஆகப்போகுது? முதல்ல இந்தக் கோட்டைக் கழட்டணும்!"

சொன்னவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். காலடியில், கருகிய புல்லுக்கு நடுவே, களையென்று அவர் பிடுங்கச் சொல்லியிருந்த அருகம்புல் பச்சையாக எட்டிப் பார்த்தது.

இருளாயி கையை நீட்டினாள்.

"கோட்டைக் குடுங்க எசமான். அப்படியே கிணத்துச் சாவியையும்."