கணினி வரைந்த கூடும் குருவி கட்டிய கூடும்

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் கொன்றையன் என்ற ஆண் தூக்கணாங்குருவி இருந்தது. அந்தக் குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை!

கொன்றையனின் கூடுகள் எல்லாம் பாதியிலேயே தொங்கின. எல்லாம் ஒரே மாதிரி. வேறு மாதிரி கட்ட அதற்குத் தோன்றவே இல்லை. மழையோ நெருங்கிவிட்டது. இனியும் துணை கிடைக்காவிட்டால் இந்த வருடம் குஞ்சுகளே கிடையாது.

பக்கத்து அத்திமரத்துக் குரங்கிடம் ஒரு கணினி இருந்தது. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், விதவிதமாகப் படம் வரைந்து தள்ளும்.

“குரங்கண்ணே, யாருமே பார்த்திராத அழகில் ஒரு கூடு வேண்டும்!” என்றது கொன்றையன்.

படங்கள் வந்து குவிந்தன. கொன்றையன் வாயைப் பிளந்தது. இருப்பதிலேயே பகட்டான ஒன்றை அப்படியே பார்த்துப் பாதி கட்டியது.

நாச்சி என்ற பெண் குருவி வந்தது. உள்ளே உட்கார்ந்து கூட்டை ஓர் ஆட்டு ஆட்டியது.

“நல்ல கூத்து! வாசல் மேற்கே, மேல்காற்றைப் பார்த்து இருக்கிறது. ஒரு காற்றுக்கே முட்டை உருண்டு குளத்தில் விழும். பாம்பு நேராக உள்ளே வரும். இதில் நீயே குடியிரு!”

கொன்றையன் கோபமாகக் குரங்கிடம் பறந்தது.

“உன் கணினி என்னைக் கவிழ்த்துவிட்டது!”

“அழகு கேட்டாய், கொடுத்தது. காற்றைப் பற்றி வாயைத் திறந்தாயா? பாம்பைப் பற்றிச் சொன்னாயா?” என்றது குரங்கு.

கொன்றையனுக்கு வெட்கமாகப் போயிற்று. இந்த முறை காற்று, பாம்பு, மழை, கிளையின் பலம் எல்லாவற்றையும் சொன்னது. மறுபடி படங்கள் வந்தன.

“இது கிளையை ஒடிக்கும், தள்ளு! இதில் மழை இறங்கும், தள்ளு!” என்றது கொன்றையன்.

ஒரு படத்தில் வாசல் நீண்டு, கோணலாக வளைந்து கீழே தொங்கியது. குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. கொன்றையன் சிரிக்கவில்லை.

“அண்ணே, இதை நிறுத்து! இந்த வளைவு எனக்குத் தோன்றியே இருக்காது!”

பாம்பு எளிதில் நுழைய முடியாத அந்த வளைவை எடுத்துக்கொண்டது. முட்டை உருளாதபடி உள்ளே ஒரு தடுப்பை இன்னொரு படத்திலிருந்து எடுத்தது. கூடு ஆடாமல் இருக்க உட்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பியது. அது எந்தப் படத்திலும் இல்லை, கொன்றையனின் சொந்த யோசனை.

மேல்காற்று பலமாக அடித்த அன்று நாச்சி மறுபடி வந்தது. உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தது. வளைந்து இறங்கத் தொடங்கியிருந்த வாசலை எட்டிப் பார்த்தது.

“ஏன் சும்மா நிற்கிறாய்? மீதியைக் கட்டு! மழைக்கு முன்னால் நான் முட்டையிட வேண்டும்!”

கொன்றையன் சந்தோஷத்தில் நார் கிழிக்கப் பறந்தது.

மறுநாள் அத்திமரத்தடியில் ஆண் குருவிகளின் கூட்டம். “எங்களுக்கும் கொன்றையன் கூடு போலவே வேண்டும்!” என்று கத்தின.

மேலிருந்து கொன்றையன் சிரித்தது. “முதலில் உங்கள் கிளையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்!”

நீதி: கருவி ஆயிரம் வழி காட்டும், தன் தேவையை அறிந்து கேட்டுத் தேர்ந்தெடுப்பவனுக்கே அதில் ஒன்று உதவும்.