பக்கத்து சீட்டு பிரேக்

இருபத்திரண்டாவது நாளும் நாச்சிமுத்து அதே கேள்வியைத்தான் கேட்டார்.

“எத்தனை அடி தூரத்துல பிரேக் போடணும் அம்மிணி? ஒரு கணக்குச் சொல்லுங்க.”

வளர்மதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கோபி டவுனில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருடமாகிறது. நாச்சிமுத்து அறுபத்தொரு வயதில் வந்து சேர்ந்தவர். முப்பத்துமூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். மடியில் ஒரு நோட்டு வைத்திருந்தார்.

“முன்னாடி போறதப் பாருங்க சார். எப்பப் போடணும்னு தெரியும்.”

“நேத்தும் இதத்தான் சொன்னீங்க.”

“நாளைக்கும் இதத்தான் சொல்லுவேன்.”

வண்டி நின்றதும் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

போன வாரம் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டார். பழைய கார் ஒன்றும் வாசலில் வந்து நின்றுவிட்டது. மனைவி ருக்மணிக்கு வாரத்தில் மூன்று நாள் ஈரோட்டில் டயாலிசிஸ். முடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது கம்பியைப் பிடிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இருப்பதில்லை. திங்கட்கிழமை முதல் காரில்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். சொல்லிக்கொடுக்கிற அம்மிணி சரியென்று சொன்னால்தான் ஏறுவேன் என்று ருக்மணி சொல்லிவிட்டாள். இன்று சனிக்கிழமை.

“ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லிடுங்க. போன்ல சொன்னாலும் போதும்.”

“என்னன்னு சொல்ல?”

“நல்லா ஓட்டறேன்னு. இத்தனை நாள்ல ஒரு கீறல் உண்டா? ஒரு கோழி அடிபட்டுச்சா?”

“கோழி அடிபடல.”

“அப்பறம் என்ன?”

“வண்டிய ஓரமா நிறுத்துங்க.”

கார் புளியமரத்தடியில் நின்றது. தானே நிறுத்தியதாக அவர் நினைத்தார்.

“எறங்கி உங்க பிரேக்கைப் பாருங்க.”

அவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். “நல்லாத்தானே இருக்குது. ரப்பர்ல வரிகூட அழியல.”

“இந்தப் பக்கம் வாங்க.”

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வளர்மதி காலை நகர்த்திக்கொண்டாள். அந்த ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரு மூலையில் இரும்பு தெரிந்தது.

“ரெண்டும் தை மாசம் ஒரே நாள்ல மாத்துனது.”

அவர் தேய்ந்த ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார்.

“நான் ஒருத்தனா தேச்சேன்?”

“இல்லீங்க. உங்களாட்டம் முப்பது பேரு. நேத்து உங்களுக்கு மட்டும் பதினேழு தடவ மிதிச்சேன். கணக்குக் கேட்டீங்களே, எழுதிக்குங்க.”

“நானும் மிதிச்சேனே அம்மிணி.”

“மிதிச்சீங்க. வண்டி நின்னதுக்கப்பறம்.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?”

“நாலாம் நாள் சொன்னேன். ஏழாம் நாள் சொன்னேன். எத்தனை அடின்னு கேட்டீங்க.”

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். நோட்டை இரண்டு சீட்டுக்கும் நடுவே வைத்தார்.

வளர்மதி செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு காலையும் மேலே தூக்கி, பந்தியில் உட்காருவதுபோல் சம்மணம் போட்டாள்.

“என்ன பண்றீங்க?”

“உக்காந்திருக்கேன்.”

“காலக் கீழ போடுங்க. ஊருக்குள்ள போகணும்.”

“திங்கக்கெழம உங்க கார்ல இந்தப் பக்கம் உங்க வீட்டம்மா உக்காருவாங்க. அவங்க காலடியில என்ன இருக்கும்?”

நாச்சிமுத்து யோசித்தார். “ஒரு பை இருக்கும். வெந்நீர் பிளாஸ்க்கு.”

“எடுங்க வண்டிய.”

எடுத்தார். மூன்று கிலோமீட்டருக்கு சாலை காலியாக இருந்தது. அப்படியும் இருபதுக்கு மேல் போகவில்லை.

“மாடு நிக்குது.”

அவள் சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

“மாட்டப் பாத்துட்டேன் அம்மிணி.”

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

மாட்டைத் தாண்டினார்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினார்கள். அதன்பிறகு கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. காய்ந்த சோகை இலை இரண்டு பக்கமும் தொங்கியது. அவர் பின்னாலேயே போனார். பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று சந்திலிருந்து திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வர, டிராக்டர் சட்டென்று நின்றது.

அவர் மிதித்த வேகத்தில் நோட்டு பறந்து வளர்மதி பக்கத்து பிரேக்கின்மேல் விழுந்தது. இன்ஜின் அணைந்தது. கரும்பு நுனிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை நுழையும். பின்னாலிருந்து டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. மொபெட்காரர் யாரையும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.

அவர் நியூட்ரலுக்கு வந்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி ஓட்டினார். டிராக்டரை நெருங்கவே இல்லை. கடைவீதியில் நான்கு இடத்தில் நிறுத்தினார். ஒன்று தேவையில்லாதது. கடைசியாகத் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கார் நின்றபிறகும் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அந்த டிராக்டர் நின்னான் பாருங்க. நான் மிதிக்காம உட்டிருந்தா நீங்க காலக் கீழ போட்டிருப்பீங்கல்ல?”

வளர்மதி கதவைத் திறந்தாள். ஒரு காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தாள். எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“வந்து கையக் குடுங்க சார். ரெண்டு காலும் மரத்துக் கெடக்குது.”

அவர் சுற்றி வந்து கையைக் கொடுத்தார்.

“எப்ப இருந்து?”

“வாய்க்கால் பாலம் தாண்டறப்பவே.”

அவர் அவள் கையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே ருக்மணி குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“அவகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?”

“எங்காலு மரத்துக் கெடந்ததையே சொல்லுங்க.”