கடைசிப் பந்தி

காவிரிக் கரையில் ஒரு மடம் இருந்தது. அங்கே சாமி கும்பிட வருகிறவர்களைவிடச் சாம்பார் சாதம் சாப்பிட வருகிறவர்கள் அதிகம். மடத்தின் தலைவர் மாசிலாமணி அடிகளுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. "வயிறு நிறையட்டும், மத்ததைப் பிறகு பார்த்துக்கலாம்" என்பார்.

சமையற்கட்டுக்குப் பொறுப்பு தாண்டவம். சீடர்தான், ஆனால் அடிகளைவிட வயதில் மூத்தவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தார், கரண்டியைப் பிடித்தார், அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். கடைசிப் பந்தி எழுந்ததும் கதவைச் சாத்திவிட மாட்டார்கள். பொறுப்பாளர் வாசலுக்கு வந்து, "சாப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று முறை உரக்கக் கேட்க வேண்டும். யாரும் வராவிட்டால்தான் கதவு. கடைசி நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த ஒருவருக்காகத் தாண்டவம் அடுப்பை மறுபடி பற்றவைத்ததும் உண்டு.

அவர் சாப்பிடுவது அதற்கெல்லாம் பிறகு. பாத்திரம் தேய்க்கிறவர்கள் காத்திருப்பார்கள். அடிச்சோற்றில் மோரை ஊற்றி, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். காலையிலிருந்து அதுவரைக்கும் காபிதான். பசிக்கிறபோதெல்லாம் ஒரு டம்ளர், சர்க்கரை தூக்கலாக. ஊர் விழிக்கும் முன்னே எழுந்து காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். "தூக்கமா? செத்த பிறகு தூங்கிக்கலாம்" என்று ஒரு பேச்சு வேறு. அதைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போனவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர்கூட அவருக்கென்று ஒரு இட்லி எடுத்து வைத்ததில்லை.

ஒரு நாள் ஆட்டுக்கல்லில் கால்விரலை இடித்துக்கொண்டார். காயம் சின்னதுதான். ஆனால் ஆறவே இல்லை. மஞ்சள் வைத்தார், களிம்பு தடவினார், கடைசியில் மற்றவர்கள் பிடித்துத் தள்ளியதால் ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை ஏகமாக ஏறியிருந்தது. இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், பிறகு காலுக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

தாண்டவம் நொண்டிக்கொண்டே அடிகளிடம் வந்தார்.

"சாமி, கால் போச்சுன்னா பந்தியில எப்படி நிப்பேன்? நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"மாத்திரை குடுத்தாங்க. நேரத்துக்குச் சாப்பிடணுமாம். நல்லாத் தூங்கணுமாம். புண்ணு ஆறினதும் தினம் நடக்கணுமாம். காபிக்குச் சர்க்கரை கூடாதாம்."

"இதுல எது கஷ்டம்?"

"மாத்திரை மட்டும் சுலபம் சாமி."

அடிகள் சிரித்துவிட்டார். தாண்டவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்து போயிருந்தார், பாவம்.

"அழியற உடம்புதானே சாமி? இதைப் போய் இவ்வளவு சீராட்டணுமா? நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்க."

"அழியும்னு சொன்னேன். நீங்களே அழிச்சிடுங்கன்னு சொன்னேனா?"

தாண்டவம் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தாரே தவிர, மறுநாளும் அதே கதைதான். விடியும் முன் காய், வெறும் வயிற்றில் காபி, காலில் கட்டோடு பந்தி பந்தியாக ஓட்டம். கடைசிப் பந்தி எழுந்ததும் வாசலுக்கு வந்தார்.

"சாப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா?"

தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. மூன்றாம் முறை கேட்டுவிட்டுக் கதவில் கை வைத்தார்.

"சாத்தாதீங்க. ஒருத்தர் இருக்கார்."

உள்ளேயிருந்து அடிகளின் குரல்.

"எங்கே சாமி? தெருவுல யாரையும் காணோமே?"

அடிகள் வாசலுக்கே வந்து தாண்டவத்தின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். தரையில் ஓர் இலை போட்டிருந்தது. தோளைப் பிடித்து அதன் முன்னால் உட்கார வைத்தார். தாமே அண்டாவிலிருந்து சோற்றை அள்ளினார்.

தாண்டவம் பதறிப்போய் எழப் பார்த்தார். "ஐயோ, நீங்க எனக்குப் பரிமாறறதா? பாவம் சாமி!"

"உட்காருங்க." அடிகள் சோற்றைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது. சாம்பார் வாளியைச் சாய்த்தார். ஒன்றும் விழவில்லை.

"தினமும் இதுதானா?"

"எல்லாரும் சாப்பிட்டது போக மிஞ்சினது. எனக்கு இது போதும் சாமி."

"வாசல்ல பசியோட வர்ற ஒருத்தருக்கு இதைப் போடுவீங்களா?"

"எப்படிப் போடறது?" தாண்டவத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "நம்பி வந்தவங்களுக்கு ஆறிப்போன அடிச்சோறா? என்னை என்னன்னு நினைச்சீங்க?"

சொல்லிவிட்டு இலையிலிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இருந்த காலத்தில் அவருக்கும் சூடாகச் சோறு போட ஒருத்தி இருந்தாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததோ என்னவோ, கண் கலங்கிவிட்டது.

அடிகள் அவர் இடுப்பில் தொங்கிய சமையற்கட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "விடிஞ்ச பிறகு என்கிட்ட வந்து வாங்கிக்குங்க. காய் நறுக்க வேற ஆள் சொல்லியாச்சு. நாளைக்கு நீங்க முதல் பந்தி."

மறுநாள் தாண்டவம் முதல் பந்தியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பொரியல் கேட்கும் குரல் வந்த பக்கமெல்லாம் திரும்பினார், கை கரண்டியைத் தேடியது. சூடான சோறு இலையில் விழுந்தது, நெய் விழுந்தது. அவர் கண் வாசலுக்குப் போயிற்று. அங்கே அடுத்த பந்திக்குக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"முடியல சாமி. பசியோட நிக்கறாங்க, பார்க்கப் பாவமா இருக்கு. நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன்."

அடிகள் அவர் தோளில் கை வைத்து மெல்ல உட்கார வைத்தார்.

"அவங்க இப்பதான் வந்தாங்க. நீங்க வருஷக்கணக்கா நிக்க வெச்ச ஒருத்தர் இருக்கார், தாண்டவம். முதல்ல அவரைச் சாப்பிட விடுங்க. அவருக்குக் கால் வலிக்குது."